பதினான்கு பொருட்கள்

கைப்பற்றுதல் மகஜரில் பதினான்கு பொருட்கள் இருந்தன. ஒற்றைத் தங்கத் தோடு ஒன்று, சுமார் 2 கிராம். டி.வி. ரிமோட்டின் பின்மூடி ஒன்று. பேனா மூடி மூன்று. தாயக்கட்டை ஒன்று. தலைமுடி கிளிப் இரண்டு. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தப் பொம்மை ஒன்று. மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த கால் ஒன்று. பழைய சாவி ஒன்று. இருமல் மருந்து ஊற்றும் அளவு மூடி இரண்டு. சட்டைப் பொத்தான் ஒன்று. அத்தனையும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள். தோட்டுக்கு மட்டும் மதிப்பு போட்டிருந்தார்கள். மற்றவற்றுக்கு எதிரே கோடு இழுத்திருந்தது.

வீட்டுத் திருட்டு வழக்குகளில் மகஜர் என்றால் நகை, செல்போன், ரொக்கம், பித்தளைப் பாத்திரம் என்றுதான் பார்த்துப் பழக்கம். ஒடிந்த கண்ணாடிக் காலைத் தங்கத் தோட்டோடு ஒரே டப்பாவில் போட்டுப் பத்திரமாக மூடி வைக்கிற திருடர் யாரையும் நான் கண்டதில்லை. இந்த வழக்கின் உண்மை முழுவதும் காவல்துறையே எழுதிய அந்த ஒரு தாளில் இருந்தது. அதை எழுதியவர்கள் தோடு என்ற முதல் வரியோடு நின்றுவிட்டார்கள்.

டப்பாவுக்குச் சொந்தக்காரன் மூன்றாம் வகுப்புப் பையன். பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டேன். குற்றத்தில் தொடர்புடைய குழந்தையானாலும், சாட்சி சொன்ன குழந்தையானாலும் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். தெற்கே ஒரு நகரம் என்ற அளவில் இருக்கட்டும்.

அவன் அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துக் கொடுப்பவர். கணவர் பிரிந்து போய்விட்டார். பள்ளி விட்டதும் பையன் நேராக அம்மா வேலை செய்யும் கடைசி வீட்டுக்கு வந்துவிடுவான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வசித்த வீடு அது. அம்மா வேலையை முடிக்கும்வரை பின்கட்டில், துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். டீச்சரம்மா சில நாள் பிஸ்கட் கொடுப்பார். சில நாள் வாய்ப்பாடு கேட்பார்.

2017 தீபாவளிக்கு டீச்சரம்மாவின் மகன் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். விசேஷத்துக்குப் போட நகைப் பெட்டியைத் திறந்தபோது ஒரு தோடு இல்லை. வீட்டுக்குள் வந்து போகிற வெளியாள் ஒரே ஒருவர்தான். மறுநாள் மகன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். போலீசார் அந்த அம்மாவின் வீட்டில் சோதனை போட்டார்கள். சோதனை போட அந்த ஒற்றை அறையில் அதிகம் எதுவும் இல்லை. பையனின் பள்ளிப் பைக்குப் பின்னால் ஹார்லிக்ஸ் டப்பா இருந்தது.

தாயையும் பிள்ளையையும் ஒரே ஆட்டோவில் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். சீருடையில் இருந்த ஒருவர் குனிந்து பையனிடம், “அம்மாதான எடுத்துட்டு வரச் சொன்னாங்க?” என்று கேட்டிருக்கிறார். பையன் தலையாட்டியிருக்கிறான். அந்தத் தலையாட்டல், “என் தாயார் அறிவுறுத்தியதன் பேரில் மேற்படி பொருட்களை எடுத்து வந்தேன்” என்ற முழு வாக்கியமாக வாக்குமூலத்தில் ஏறியது. குழந்தைகளைக் கையாளும் காவல் அதிகாரி சீருடை அணியக் கூடாது என்று விதி வகுத்ததற்குக் காரணம் இப்படியான தலையாட்டல்கள்தான். அந்த வயதில் பயந்த பிள்ளை பெரியவர் கேட்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டும். “நிலாவிலிருந்தா எடுத்த?” என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பான்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் ஆண்டு சட்டம் தந்த உரிமை அது. அப்படித்தான் சட்டப் பணிகள் குழு வழியாக இந்த வழக்கு எனக்கு வந்தது. பெண்கள் கிளைச் சிறையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். வழக்கைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

“புள்ள எங்க சார் இருக்கான்?”

“உங்க அம்மாகிட்டதாம்மா இருக்கான்.”

“பள்ளிக்கூடம் போறானா?”

போகவில்லை. தெருவில் பிள்ளைகள் அவனைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். பாட்டி வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. ஜாமீன் கிடைத்துவிடும் என்று மட்டும் சொன்னேன். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணம் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லியிருந்தது. அதையும், அவர் பெண் என்பதையும், சின்னப் பிள்ளை வெளியே இருப்பதையும் சொல்லி வாதாடினேன். மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்தார்.

இந்த வழக்கில் சட்டச் சிக்கல் உண்மையிலேயே ஆழமானது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 82-வது பிரிவின்படி ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் என்றால் 83-வது பிரிவு. தான் செய்வது என்ன, அதனால் விளைவது என்ன என்று புரிந்துகொள்ளும் பக்குவம் அந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1860-ல் எழுதிய இந்த இரண்டும் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 20, 21 என்று எண் மாறி அப்படியே இருக்கின்றன. ஆகவே பையனை யாரும் தொட முடியாது. ஆனால் பிள்ளையைக் காப்பாற்றும் சட்டம் தாயைக் காப்பாற்றாது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏவிக் குற்றச் செயல் செய்ய வைத்தால், குழந்தைக்குத் தண்டனை இல்லை, ஏவியவருக்கு உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தின் 108-வது பிரிவின் மூன்றாவது விளக்கம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னது. குற்றப்பத்திரிகை அதைத்தான் பிடித்துக்கொண்டது. குடியிருப்பில் திருட்டுக்கு 380, தூண்டியதற்கு 109. அது நிரூபணமாகாவிட்டால் மாற்றாக 411, அதாவது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வைத்திருந்தது.

இந்த 411-க்குத்தான் பழைய தீர்ப்புகளைத் தேடிப் போனேன். திருடியவருக்கே திருடும் தகுதி சட்டப்படி இல்லையென்றால் அவர் எடுத்த பொருள் திருட்டுப் பொருளாகுமா? 1886-ல் மதராஸ் உயர் நீதிமன்றத்தின் முன் இதே கேள்வி வந்திருக்கிறது. பதினைந்து அணா பெறுமான இரண்டு துணிகளை ஆறு வயதுக் குழந்தையிடமிருந்து ஓர் அணாவுக்கு ஒருவர் வாங்கிக்கொண்டார். குழந்தை குற்றம் செய்ய இயலாததால் திருட்டுப் பொருள் வாங்கியதாகச் சொல்ல முடியாதென்றே வைத்துக்கொண்டாலும், அடுத்தவர் பொருள் என்று தெரிந்து நேர்மையில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தால் அது கையாடல்தான் என்று நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்தில் 1951-ல் வால்டர்ஸ் எதிர் லண்ட் வழக்கு. ஏழு வயது மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்று சக்கர சைக்கிளை வைத்துக்கொண்டதாகத் தாய் தகப்பன் மீதே குற்றச்சாட்டு. அந்த நாட்டில் அப்போது குற்றப் பொறுப்பின் வயது எட்டு. சிறுவன் திருடியதாகவே கொள்ள முடியாது, ஆகவே சைக்கிள் திருட்டுப் பொருளல்ல என்று பெற்றோரை விடுவித்தார்கள்.

இந்த வாதம் நிற்க வேண்டுமானால் சம்பவ நாளில் பையனுக்கு ஏழு நிரம்பியிருக்கக் கூடாது. பள்ளிப் பதிவேட்டில் அவன் பிறந்தது 2010 ஜூன். அப்படியானால் ஏழு வயது நான்கு மாதம். நகராட்சிப் பிறப்புப் பதிவில் 2010 டிசம்பர். அப்படியானால் ஆறு வயது பத்து மாதம். ஜாமீனில் வந்தபின் அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“ஒண்ணாப்புல சேக்க அஞ்சு முடிஞ்சிருக்கணும்னாங்க சார். நான் வேலைக்குப் போனா இவனைப் பாத்துக்க ஆளில்ல. எங்க அம்மாவும் அப்ப கொளுத்து வேலைக்குப் போயிட்டிருந்துச்சு. வயசைக் கூட்டிச் சொல்லிச் சேத்துட்டேன்.”

தமிழ்நாட்டில் இப்படி வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்த பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருப்பார்கள். பிள்ளையை நிழலில் விட்டுவிட்டு வேலைக்குப் போக வேறு வழியில்லாத தாய் சொன்ன அந்த ஆறு மாதம், பின்னால் அவரையே மூன்றாண்டுச் சிறைத் தண்டனைக்குரிய குற்றக் கூண்டில் நிறுத்தப் பார்த்தது. நல்லவேளை, தடுப்பூசி அட்டையை அவர் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். பி.சி.ஜி. ஊசி 2010 டிசம்பரில், அரசு மருத்துவமனையில் பிறந்தபோதே. ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை ஊசி 2011 செப்டம்பரில். ஜூனில் பிறந்த பிள்ளைக்கு இந்தத் தேதிகள் பொருந்தாது. பள்ளிப் பதிவேட்டுப் பதிவுக்கு அதற்கு ஆதாரமான தகவலைத் தந்தவர் யார் என்பதைப் பொறுத்தே மதிப்பு என்று 1988-ல் பிரத் மல் சிங்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தலைமை ஆசிரியையும் சாட்சியத்தில் மறைக்காமல் சொன்னார். பிறப்புச் சான்றிதழ் பார்க்கவில்லை, தாயின் வாய்மொழியில் எழுதினோம் என்றார்.

பையனைப் பாட்டி என் அலுவலகத்துக்கு அழைத்து வந்த நாளில்தான் அந்த டப்பா எனக்கு முழுதாகப் புரிந்தது. அவனிடம் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. என் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கையிலிருந்த பேனாவைக் காட்டி, “இது உங்களுதா?” என்றான். ஆமாம் என்றேன். மேஜையடியில் எப்போதோ உருண்டு போய்க் கிடந்த ரப்பர் ஸ்டாம்பின் மரப்பிடியைக் கையில் எடுத்து, “இது யாருது?” என்றான்.

“அதுவும் என்னுதுதான் தம்பி.”

“நீங்க தேடவே இல்லையே.”

யாராவது கையில் வைத்திருந்தால், தேடினால், அது அவர்களுடையது. மூலையில் தனியாகக் கிடந்து யாரும் தேடாவிட்டால் அது யாருடையதும் இல்லை. அவன் மனசில் உடைமை என்பது இதுதான். மறுபடி மகஜரை எடுத்துப் படித்தேன். ஒற்றைத் தோடு, ஒற்றைத் தாயக்கட்டை, பேனா இல்லாத மூடிகள், பூட்டு இல்லாத சாவி. ஜோடி பிரிந்த, யாரும் தேடாத பொருட்களாகவே பொறுக்கி வைத்திருந்தான். பெற்றவர்கள் பிள்ளையின் பையில் வேற்றுப் பொருளைக் கண்டதும் நெஞ்சு பதைப்பதை நான் அறிவேன். ஆனால் ஆறு வயதில் “என்னுது” என்பது நன்றாகத் தெரியும். “அடுத்தவங்களுது” என்பது அப்போதுதான் மெல்லப் பிடிபடத் தொடங்கும். அந்தப் பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

அவன் மரப்பிடியைத் திருப்பி நீட்டியபோதுதான் புறங்கையைப் பார்த்தேன். கரண்டிக் காம்பின் அகலத்தில் ஒரு தழும்பு.

அம்மா மறைக்கவில்லை. தீபாவளிக்கு ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னால், அவன் பையில் டீச்சரம்மா வீட்டுக் காந்தப் பொம்மையையும் ஒரு ஸ்பூனையும் கண்டு, இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைத்திருக்கிறார். காந்தப் பொம்மையை டீச்சரம்மா அப்புறம் அவனுக்கே கொடுத்துவிட்டார் என்பது தனிக்கதை. “எங்க அம்மா எனக்கு வச்சாங்க சார். நாலு வீட்டுல நம்பி விடுறாங்க. நாளைக்குக் கெட்ட பேரு வந்தா சோத்துக்கு எங்க போவேன்?” என்று சொல்லி அழுதார்.

அந்தத் தழும்பைவிடப் பலமான எதிர்வாதச் சாட்சியம் என் கட்சிக்காரருக்கு இல்லை. எடுத்து வா என்று ஏவுகிறவள் எடுத்து வந்ததற்குச் சூடு வைப்பாளா? ஆனாலும் நான் அதைப் பயன்படுத்துவதில்லை என்று தீர்மானித்தேன். பொறுப்பில் உள்ள குழந்தையைத் துன்புறுத்துவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவில் மூன்றாண்டு வரை தண்டனைக்குரியது. ஒரு வழக்கிலிருந்து மீட்டு இன்னொன்றில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு உரிமையில்லை. அந்தப் பிள்ளையின் கையைத் தூக்கிப் பிடித்துக் கோர்ட்டில் காட்டவும் மனம் ஒப்பவில்லை. சூடு வைத்தது கொடுமை என்று அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். வறுமையைக் காரணம் காட்டி அதை நான் ஏற்க மாட்டேன். இனி அவன் மேல் கை வைக்கக் கூடாது என்று வாக்குறுதி வாங்கினேன்.

விசாரணை 2019-ல் தொடங்கியது. மகன் முதல் சாட்சி. தோடு காணாமல் போனதையும் புகார் கொடுத்ததையும் மட்டும் சொன்னார். டீச்சரம்மா அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன பழக்கத்தில் நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு கேள்வியையும் முழுதாகக் கேட்டபின் பதில் சொன்னார்.

“தோட்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?”

“ஆவணி மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போட்டேன். அப்புறம் பார்க்கலை.”

“திரும்பி வந்து கழற்றி வைத்தது நினைவிருக்கிறதா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “புடவையோட சேர்த்து ஒரு தோடு மாட்டிக்கிட்டுப் போயிருக்கலாம். புடவையை வாஷிங் மெஷின்லதான் போட்டேன்.”

“இவர் இதற்கு முன் உங்கள் வீட்டுப் பொருள் எதையாவது திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாரா?”

“கொடுத்திருக்கா. ஸ்பூன் ஒண்ணு, காந்தப் பொம்மை ஒண்ணு. புள்ள தெரியாம எடுத்துட்டு வந்துட்டான்னு அழுதுக்கிட்டே கொடுத்தா. சின்னப் புள்ளதானே, பொம்மையை அவனே வச்சுக்கட்டும்னு சொன்னேன்.”

“புகார் கொடுக்கும் முன் உங்களிடம் கேட்டார்களா?”

“மகன்தான் எழுதினான். கேட்டிருந்தா நான் வேண்டாம்னிருப்பேன்.”

மகன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மா அவர் பக்கம் பார்க்கவே இல்லை. தன் வீட்டுக்கு எதிராக உண்மையைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று இத்தனை வருடம் கோர்ட்டில் நின்ற எனக்குத் தெரியும். அந்த அம்மையார் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அடுத்து பையனையே அரசுத் தரப்பு அழைத்தது. பெற்ற தாய்க்கு எதிராகச் சாட்சி சொல்ல எட்டு வயதுப் பிள்ளை. கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல முடிகிற எந்தக் குழந்தையும் சாட்சியாகலாம் என்பது அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 118-வது பிரிவு. ஆகவே ஆட்சேபிக்க வழியில்லை. கூண்டில் ஏற்ற வேண்டாம், குற்றம் சாட்டப்பட்டவர் அவன் பார்வையில் படாமல் சற்றுத் தள்ளி இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மாஜிஸ்திரேட் தன் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னார். பள்ளி, வகுப்பு, பிடித்த விளையாட்டு என்று கேட்டுத் தெளிவு பார்த்தார். பொய் சொன்னால் என்ன ஆகும் என்றதற்கு, “மறுபடி கேப்பாங்க” என்றான். அவர் அதைத் திருப்தியாகப் பதிவு செய்தார். உறுதிமொழி வாங்கவில்லை, பன்னிரண்டு வயதுக்குள் அதன் பொருள் புரியாத பிள்ளைக்கு அது கட்டாயமில்லை.

அரசு உதவி வழக்கறிஞர் ஒரு பெண்மணி. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

“அந்தத் தோடு எங்கப்பா இருந்துச்சு?”

“மெஷினுக்குப் பின்னாடி. தூசியோட கெடந்துச்சு.”

“அம்மா எடுத்துட்டு வரச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“போலீஸ் மாமாகிட்ட ஆமான்னு சொன்னியே?”

“அவரு சத்தமா கேட்டாரு.”

“அம்மாவுக்கு டப்பா தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா சூடு வப்பாங்க.” இடது கையைத் திருப்பிக் காட்டினான்.

சட்டப்படி அந்த இடத்தில் அரசு உதவி வழக்கறிஞர், பையனைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கோரி, வாக்குமூலத்தை வைத்துக் குறுக்கு விசாரணை செய்திருக்கலாம். “வேறு கேள்வி இல்லை” என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கேட்க எதுவும் இல்லை. பின்வரிசையிலிருந்து அம்மா விம்மும் சத்தம் கேட்டது. மாஜிஸ்திரேட் பையனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி அன்றைய விசாரணையை நிறுத்தினார்.

தீர்ப்பில் அவர் மகஜரைப் பொருள் பொருளாக எடுத்து எழுதினார். இவற்றில் பதின்மூன்றும் விற்கவோ பயன்படுத்தவோ முடியாதவை. லாப நோக்கில் ஏவியவர் இவற்றைச் சேர்த்து வைத்திருக்க மாட்டார். முன்பு பொருளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். தோடு வீட்டில் இருந்ததே அவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியம் இல்லை. வயதைப் பொறுத்தவரை நகராட்சிப் பதிவை ஏற்றுக்கொண்டார். 411-க்கு நான் வைத்த பழைய தீர்ப்புகளையும் குறிப்பிட்டு, தெரிந்து வைத்திருந்தார் என்பதே நிரூபணமாகாத நிலையில் அந்தக் கேள்விக்குள் போக வேண்டியதில்லை என்றார். சட்டக் கேள்விக்குப் பதில் கிடைக்காதது எனக்கு ஏமாற்றம்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 248(1)-இன் கீழ் விடுதலை. தோடு டீச்சரம்மாவுக்கு. மதிப்பற்ற மற்ற பொருட்களை மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்க உத்தரவு. இந்தக் கடைசி வரி எல்லாத் தீர்ப்புகளிலும் வருவதுதான்.

தழும்பைப் பற்றி மாஜிஸ்திரேட் வழக்குப் போடச் சொல்லவில்லை. தாயை அறைக்கு அழைத்துப் பேசினார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கடிதம் எழுதி, ஆலோசகர் ஒருவர் அந்த வீட்டுக்குச் சென்று பார்த்துவர ஏற்பாடு செய்தார். ஆலோசகர் பலமுறை போய் வந்தார். தண்டனை கொடுத்து அந்தப் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புவதைவிட இதுவே சரி என்று நான் நம்புகிறேன்.

வேலைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. டீச்சரம்மா மட்டும் மறுபடி கூப்பிட்டார். அந்த அம்மா போகவில்லை. ஒரு பள்ளி விடுதியின் சமையல்கூடத்தில் வேலை கிடைத்தது.

கொஞ்ச நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். பையனின் பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் பிறகு சிரமம், இப்போதே செய்துவிடலாம் என்றேன். நகராட்சிப் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டையின் நகல், தீர்ப்பில் வயதைப் பற்றிய பத்தி மூன்றையும் இணைத்து மனு எழுதிக் கொடுத்தேன். பையனையும் அழைத்து வந்திருந்தார். மனுவில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இன்ஷியலுக்குப் பின்னால் புள்ளி விட்டுப்போயிருப்பதைச் சுட்டிக் காட்டினான். புள்ளி வைத்துக் கொடுத்தேன்.